டைம்கீப்பர் பொறுக்கியெடுத்த புறாக்கள்

பஸ் டிப்போ வாசலில் முப்பத்தொரு வருஷம் உட்கார்ந்து, எந்த வண்டி எத்தனை மணிக்கு வெளியே போனது, எத்தனை மணிக்கு உள்ளே வந்தது என்று எழுதித் தள்ளியவர் டைம்கீப்பர். ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகியும் அந்தக் கை சும்மா இருக்கவில்லை. வீட்டு முன்ஜன்னல் ஓரம் ஒரு நாற்காலி, ஒரு மேஜை, ஒரு நீள நோட்டு. நோட்டில் இரண்டு கட்டம். ஒன்று 'புறப்பாடு', இன்னொன்று 'வந்து சேர்ந்தது'. மனைவி தெருமுனைக் கடைக்குப் போய்வந்தாலும் அதில் ஒரு வரி விழும்.

"சோப்பு வாங்கப் போனதுக்கு பதினெட்டு நிமிஷமா?" என்பார்.

"வழியில டயர் பஞ்சர்" என்பாள் அந்த அம்மாள், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

அந்த நோட்டில் ஒரே ஒரு வரிதான் அவரை உறுத்தியது. வாரம் தவறினாலும் அது தவறாது. 'ஞாயிறு. மாப்பிள்ளை. புறப்பாடு காலை 6.10. வந்து சேர்ந்தது இரவு 8.40.' போவது வேறெங்குமில்லை, சொந்த அப்பா அம்மா வீட்டுக்கு.

டைம்கீப்பருக்கு ஒரே மகள். அவள் மாடிப்படியில் தடதடவென்று இறங்கும் சத்தம் கேட்டால்தான் அவருக்குப் பொழுது விடியும். அதனால் கல்யாணம் பேசும்போது நகையிலும் பேரம் பேசவில்லை, நட்டிலும் பேரம் பேசவில்லை, ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார். பொண்ணும் மாப்பிள்ளையும் இந்த வீட்டு மாடியிலேயே குடியிருக்க வேண்டும். மாப்பிள்ளை ஃப்ரிட்ஜ் மெக்கானிக், வாயில் விரலை வைத்தாலும் கடிக்காத சாது. "ஒரு வருஷம் இருந்து பார்க்கிறோம் மாமா" என்றார். அந்த ஒரு வருஷம் முடிய இன்னும் மூன்று மாதம்தான் பாக்கி.

மாப்பிள்ளையைப் பொறுக்கியதும் இவர்தான். "வெளியூர்ல நல்ல வேலை கிடைச்சும், வீட்ட விட்டு இருக்க முடியலன்னு ஒரே மாசத்துல திரும்பி வந்துட்டான். அப்படியொரு பாசம்" என்று தரகர் சொன்னபோது இவருக்கு வாயெல்லாம் பல். "பாத்தியா? பிள்ளைன்னா இப்படி இருக்கணும். இங்க வந்துட்டா நம்மள விட்டு நகரவே மாட்டான்" என்றார். மனைவி அப்போது அவரை ஒரு மாதிரி பார்த்தாள். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று கேட்கிற பழக்கம் அவருக்கு எப்போது இருந்தது?

ஞாயிற்றுக்கிழமை அங்கே போய் மாப்பிள்ளை அப்படி என்னதான் செய்கிறார்? மகளிடம் நைசாகக் கேட்டார்.

"அவங்க அப்பா புறா வளர்க்கிறாருல்லப்பா. மொட்டை மாடிக்குப் போனார்னா அதுங்க கூடவே உட்கார்ந்திருப்பார். சாப்பிடக்கூட நாலு தடவ கூப்பிடணும்."

அட, விஷயம் இவ்வளவுதானா! டைம்கீப்பர் தொடையில் தட்டிக்கொண்டார். அங்கே புறா இருப்பதால்தானே போகிறார்? இங்கேயே புறா இருந்தால் எதற்குப் போகப் போகிறார்?

அடுத்த வாரமே மொட்டை மாடியில் கூண்டு எழும்பியது. பழைய பீரோ இரண்டைப் படுக்கப் போட்டு, கம்பிவலை அடித்து, மேலே தகரம் போட்டு, பச்சை பெயிண்ட் பூசி, கதவுக்கு உள்ளங்கை அகலத்தில் ஒரு பூட்டும் மாட்டினார். முன்னால் 'உள்ளே', 'வெளியே' என்று தனித்தனியாக, மூடி போட்ட இரண்டு ஓட்டை. கொடிக்கயிறு போன இடம் தெரியவில்லை.

"துணிய எங்க காயப் போடுறது?" என்று மனைவி கேட்டாள்.

"நம்ம பொண்ணு இங்க இருக்கணுமா, வேணாமா?"

"பொண்ணு இருக்கட்டும். ஈரத் துணிய எங்க போடுறது?"

ஞாயிறு காலை மாப்பிள்ளையோடு தானும் கிளம்பினார். இரண்டு பஸ் மாறி, ஒன்றரை மணி நேரம். சம்பந்தி பூட்டு ரிப்பேர்காரர். கீழே கடை, மேலே வீடு, அதற்கும் மேலே புறாக்கள். ஊருக்கெல்லாம் பூட்டு சரிபண்ணித் தருகிற மனுஷன், தன் புறாக்கூண்டுக்கு ஒரு கொக்கிகூட வைக்கவில்லை. பூனைக்காக ராத்திரி ஒரு பலகையைச் சாய்த்து வைப்பாராம், அவ்வளவுதான். டைம்கீப்பருக்கு மனசு ஆறவில்லை. என்ன நிர்வாகம் இது!

சம்பந்தி ஒரு மூலைக்குப் போய் இரண்டு கைகளிலும் இரண்டு குஞ்சுகளை ஏந்தி வந்தார். தலையில் மஞ்சள் மயிர் இன்னும் உதிராமல் ஒட்டியிருந்தது. உடம்புக்குப் பொருந்தாத மூக்கு. கீச்கீச்சென்று ஒரே கத்தல்.

"இதுங்கள எடுத்துட்டுப் போங்க சம்பந்தி. இப்பத்தான் தானா கொத்தித் தின்னப் பழகியிருக்கு. இன்னும் வெளிய பறந்ததே இல்ல. முதல் தடவ எங்க இருந்து பறக்குதோ, அதுதான் அதுங்களுக்கு வீடு."

டைம்கீப்பர் குஞ்சைப் பார்த்தார். சம்பந்தியைப் பார்த்தார். ஓகோ, நல்லதையெல்லாம் உள்ளே ஒளித்துவைத்துக்கொண்டு, சவலைகளை நம் தலையில் கட்டப் பார்க்கிறாயா? புது வண்டியை ஒதுக்கிக்கொண்டு ஓட்டை வண்டியைத் தள்ளிவிடுகிற எத்தனை டிப்போக்காரர்களைப் பார்த்தவர் இவர்!

"இதெல்லாம் இருக்கட்டும். உங்ககிட்ட இருக்கிறதுலயே நம்பிக்கையான புறா எது?"

"நம்பிக்கைன்னா, அந்தக் கட்டையன்தான்." குட்டைக் கால்களோடு நெஞ்சை நிமிர்த்தி நடந்த ஒரு சாம்பல் புறாவைச் சம்பந்தி காட்டினார். "நானூறு கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோய் விட்டாலும் சாயங்காலத்துக்குள்ள வீடு வந்துடும். ஒரு தடவ கால்ல அடிபட்டு, ரத்தம் ஒழுக ஒழுக வந்துச்சு. வீட்ட மறக்கவே மறக்காது."

"எத்தனை வருஷ சர்வீஸ்?"

"ஆறு வருஷம்."

டைம்கீப்பரின் முகம் மலர்ந்துவிட்டது. நானூறு கிலோமீட்டர்! தவறாமல் வீடு திரும்புகிற புறா! இவருக்கு வேண்டியது அதுதானே? "இவன் ஜோடி எது? அதையும் பிடிங்க. இதே மாதிரி இன்னொரு ஜோடி இருந்தா அதையும் கொடுங்க."

"மாமா, அது வந்து..." என்று மாப்பிள்ளை வாயைத் திறந்தார்.

"நீங்க சும்மா இருங்க மாப்பிள்ளை. ஆளப் பாத்து எடை போடுறதுல நமக்கு முப்பத்தொரு வருஷ அனுபவம்."

சம்பந்தி தலையைச் சொறிந்துகொண்டார். பெண் கொடுத்த இடம் வாய்விட்டுக் கேட்டதை எப்படி இல்லையென்பது? "சொல்ல வேண்டியத நான் சொல்லிட்டேன்" என்று மட்டும் சொல்லி, நாலு புறாக்களைப் பிடித்து ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் வைத்துக் கொடுத்தார்.

புதுக் கூண்டுக்கு வந்த நாளிலிருந்தே சட்டதிட்டம். காலை ஏழுக்கு விசில், சோளம். மாலை ஐந்துக்கு விசில், பட்டாணி. விசில் சத்தம் கேட்டதும் நாலும் மூலையில் போய் ஒண்டிக்கொள்ளும். "பழகிடும், டிரைவர்களும் முதல்ல இப்படித்தான் முறைச்சாங்க" என்றார் டைம்கீப்பர்.

"மாமா, இதுங்க வளர்ந்த புறா. வெளிய விடவே கூடாது. உள்ளேயே வச்சு முட்டை வைக்க விடணும். இங்க பொரிக்கிற குஞ்சுதான் இந்த வீட்டுப் புறா" என்றார் மாப்பிள்ளை.

"அடைச்சு வைக்கிறதுக்கா இவ்வளவு தூரம் சுமந்துட்டு வந்தோம்? பறந்தாத்தான் புறா."

ஆனால் ஒன்று. அதன்பின் வந்த முதல் ஞாயிறு மாப்பிள்ளை எங்கும் போகவில்லை. காலையிலிருந்து கூண்டுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து கட்டையனோடு ஏதோ பேசிக்கொண்டிருந்தார். அடுத்த ஞாயிறும் போகவில்லை. 'மாப்பிள்ளை. புறப்பாடு இல்லை' என்று எழுதி, சிவப்பு மையில் இரண்டு கோடு போட்டு, நோட்டை மனைவியிடம் கொண்டுபோய்க் காட்டினார். அவள் ஈரத் துணியை ஜன்னல் கம்பியில் சொருகிக்கொண்டிருந்தாள்.

நாலு வாரம் ஆனது. பழகியது போதும் என்று டைம்கீப்பரே முடிவு கட்டினார். திறப்புவிழாவுக்குப் பக்கத்து வீட்டுத் தையல்காரரும், கூட வேலை பார்த்து ஓய்வுபெற்ற கண்டக்டரும் வந்திருந்தார்கள். இருவருக்கும் நாற்காலி போட்டாயிற்று. "இப்ப பாருங்க. ஒரு சுத்து சுத்திட்டு, நான் விசில் ஊதினதும் நேரா உள்ளே வந்து நிக்கும். நானூறு கிலோமீட்டர் புறா" என்றார்.

பூட்டைத் திறந்தார். விசில் ஊதினார். கட்டையன் வெளியே வந்தான், தகரத்தின் மேல் ஏறினான், கழுத்தை ஒரு பக்கம் சாய்த்து வானத்தைப் பார்த்தான். அவ்வளவுதான். நாலும் ஒன்றாக எழும்பி, அரைச் சுற்றுகூடச் சுற்றாமல், தையல்காரர் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கு மேலாக நேர்கோட்டில் போயே போய்விட்டன.

"ரொம்ப அவசரமோ?" என்றார் கண்டக்டர்.

டைம்கீப்பர் விசிலை ஊது ஊதென்று ஊதினார். கீழ்த்தெருவில் ஒரு ஆட்டோதான் நின்றது. மாப்பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சட்டைப்பையில் போன் அடித்தது. சம்பந்தி.

"சம்பந்தி, உங்க ஆளுங்க வந்துட்டாங்க. எத்தனை மணிக்கு விட்டீங்க?"

"பத்து மணிக்கு..."

"இப்ப பத்து ஒன்பது. பரவாயில்ல, ஒன்பது நிமிஷம்!" குரலில் கேலி துளியும் இல்லை, பெருமைதான் வழிந்தது. அதுதான் டைம்கீப்பருக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"துரத்தி விடுங்க. சோளம் போடாதீங்க."

"வந்தவங்கள எப்படி சம்பந்தி துரத்துறது?"

அன்றைக்கு மாப்பிள்ளை புறாக்களைப் பிடித்துவரப் போனார். 'புறப்பாடு 10.40. வந்து சேர்ந்தது இரவு 9.05.' இரண்டு வாரம் அடைத்து வைத்தார்கள். இந்தத் தடவை டைம்கீப்பர் விசிலை மாற்றிப் பார்த்தார். ஒன்பது நிமிஷம். அடுத்து இறக்கையில் நூல் கட்டிப் பத்து நாள் தகரத்தின் மேல் நடக்கவிட்டு, நூலை அவிழ்த்தார். எட்டரை நிமிஷம். கூண்டுக்குள் கண்ணாடி வைத்தார், பட்டாணியை இரட்டிப்பாக்கினார். கொழுத்துப்போன கட்டையன் கொஞ்சம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தான், அவ்வளவே.

ஒவ்வொரு தடவையும் மாப்பிள்ளை பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். முன்பாவது வாரத்தில் ஒரு நாள். இப்போது நாலும் ஒரே தடவையில் கைக்குச் சிக்காமல், புதன்கிழமை வேலை முடிந்தும் போகவேண்டியிருந்தது. போகாதே என்று சொல்ல டைம்கீப்பருக்கு வாயில்லை, அனுப்புவதே அவர்தானே! அப்புறம் மகளும் செருப்பை மாட்டினாள். "பெட்டியப் பிடிச்சுக்க ஒரு ஆள் வேணும்பா, பஸ்ல கூட்டமா இருக்கு." நோட்டில் ஒரு வரி இருந்த இடத்தில் நாலு வரி ஆயிற்று.

"அந்த ரூட்டுக்கு நீங்களே டிரிப் கூட்டி விட்டுட்டீங்களே" என்றார் கண்டக்டர்.

டைம்கீப்பர் எகிறினார். அன்று சாயங்காலம் மனைவியிடம் வந்து புலம்பினார். "ஆறு வருஷ சர்வீஸ், நானூறு கிலோமீட்டர், அப்படிப் பாத்துப் பாத்து எடுத்தேன். இந்தப் புறாவுக்கு விசுவாசமே இல்லையே!"

அந்த அம்மாள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "விசுவாசம் இல்லாமயா ஒன்பது நிமிஷத்துல போய் நிக்குது? அவன் வீட்ட மறக்க மாட்டான்னுதானே அவனப் பொறுக்கினீங்க? அவன் வீடு எதுங்க? மாப்பிள்ளையையும் இதே மாதிரி பாத்துத்தான் எடுத்தீங்க. ஒரே தப்ப ரெண்டு தடவ பண்ணிட்டு, புறாவத் திட்டுறீங்க."

டைம்கீப்பருக்கு ஒரு வருஷத்துக்கு முந்தைய அந்தப் பார்வைக்கு அர்த்தம் இப்போதுதான் விளங்கியது.

விளங்கி என்ன பிரயோஜனம்? வருஷம் முடியப் பத்து நாள் இருக்கையில், ஒரு சனிக்கிழமை இரண்டு பேரும் பெட்டியோடு போனார்கள். ஞாயிறு இரவு எட்டு நாற்பது ஆயிற்று, வரவில்லை. மகள் போன் செய்தாள். "கட்டையன் ஜோடி இங்க முட்டை வச்சிருக்குப்பா. இப்ப தொடக்கூடாதாம்." அடுத்த ஞாயிறு வருகிறோம் என்றாள். 'வந்து சேர்ந்தது' கட்டம் இரண்டு பெயருக்கும் காலியாகக் கிடந்தது.

டிப்போவில் அந்தக் கட்டம் காலியாகக் கிடந்தால் இரண்டே அர்த்தம்தான். வண்டி பழுது, இல்லையென்றால் விபத்து. டைம்கீப்பர் திங்கள் காலை 6.10க்குத் தானே புறப்பட்டார். தன் பெயரில் வரி எழுதவும் மறந்து போனார்.

சம்பந்தி கடையைத் திறந்து உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளை வேலைக்குப் போயாயிற்று. "மேலதான் இருக்கா, போங்க" என்றார். படியேறும்போதே மகளின் சிரிப்பு கேட்டது. தன் வீட்டில் அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று கணக்குப் போட்டுப் பார்த்தார், அது எந்த நோட்டிலும் இல்லை. மேலே, தலைவாராத கோலத்தில், தோளில் ஒரு குஞ்சு, தலையில் ஒரு குஞ்சு, கை நிறைய சோளத்தோடு அவள் நின்றிருந்தாள். அப்பாவைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. அந்த நிறுத்தம்தான் அவரை அடித்துப் போட்டது.

"அப்பா, உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு மூணு மாசமா தெரியல. நாங்க இங்கயே இருந்துக்கிறோம்ப்பா."

"அங்க உனக்கு என்னம்மா குறை?"

"ஒரு குறையும் இல்ல. அதனாலதான் சொல்லவே முடியல." அவள் கண் கலங்கியது. "ஒரு நாள் எனக்கு மனசு சரியில்லன்னு கொஞ்ச நேரம் மொட்டை மாடியில போய் நின்னேன். கீழ வந்து பாத்தா, நோட்டுல இருக்குப்பா. 'மகள். புறப்பாடு 5.15. வந்து சேர்ந்தது 5.40.' நம்ம மொட்டை மாடிக்குத்தானேப்பா போனேன்!"

டைம்கீப்பருக்கு எழுதியது ஞாபகம் இருந்தது. இருபத்தைந்து நிமிஷம் அதிகம் என்று நினைத்ததும் ஞாபகம் இருந்தது. கூண்டுப் பக்கம் பார்த்தார். கட்டையன் முட்டைமேல் உட்கார்ந்து, யார் நீ என்பதுபோல் அவரை ஒரு கண்ணால் பார்த்தான். நாலு தடவை பெட்டியில் அடைத்தும் அவனுக்குக் கோபம்கூட இல்லை.

"அன்னைக்கு உன் மாமனார் ரெண்டு குஞ்சு காட்டினாரே, அது இருக்கா?" என்று கேட்டார்.

"அதெல்லாம் பெரிசாகி நல்லாப் பறக்குதுப்பா. இப்ப இதுங்கதான்." மகள் தலையிலிருந்ததையும் தோளிலிருந்ததையும் இறக்கினாள். தானே பெட்டியில் வைத்தாள். மூடியைச் சாத்தும்போது இரண்டு பேருமே ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

குஞ்சுகளுக்கு விசில் கிடையாது. விசில் மேஜை இழுப்பறைக்குள் போயிற்று. மாப்பிள்ளை போனில் சொன்னபடி ஒரு தகர டப்பாவில் சோளத்தைப் போட்டுக் குலுக்கினார். பகலில் கம்பிக் கூடைக்குள் வைத்து, தகரத்தின் மேல் உட்காரவைத்து, அக்கம்பக்கத்தைப் பார்க்கவிட்டார். "இது தண்ணித் தொட்டி. அது தையல்காரர் வீடு. அங்க போகாத, பூனை இருக்கு" என்று அவர் பாடம் நடத்துவதைக் கேட்ட மனைவி, தலையில் அடித்துக்கொண்டே கொடிக்கயிற்றைக் கூண்டின் ஒரு முனையில் கட்டினாள். அவர் கூடையைக் கொஞ்சம் நகர்த்தி இடம் விட்டார்.

மூன்றாவது வாரம் பூட்டைக் கழற்றி, ஓட்டைகளின் மூடியையும் திறந்துவிட்டார். குஞ்சுகள் வெளியே வந்தன, தத்தின, படபடவென்று எழும்பின. ஒன்று தையல்காரர் தொட்டிமேல் போய் உட்கார்ந்துகொண்டது. இன்னொன்று வானத்தில் எங்கேயோ காணாமல் போயிற்று. டைம்கீப்பர் டப்பாவைக் கூடக் குலுக்காமல் உட்கார்ந்திருந்தார். கையில் கடிகாரம் இருந்தும் பார்க்கவில்லை. முதலில் தொட்டிமேல் இருந்தது வந்தது. வெகுநேரம் கழித்து மற்றதும் வந்து, 'வெளியே' என்று எழுதியிருந்த ஓட்டை வழியாக உள்ளே நுழைந்தது.

"வந்துட்டாங்கடி!" என்று கத்தினார். எத்தனை மணிக்கு என்று கீழேயிருந்து மனைவி கேட்டதற்கு, "யாருக்குத் தெரியும்!" என்றார்.

அடுத்த ஞாயிறு மகளும் மாப்பிள்ளையும் காலையிலேயே வந்தார்கள். பகல் முழுக்க மொட்டை மாடியில் பேச்சும் சிரிப்பும். மகள் மாடிப்படியில் தடதடவென்று பத்துத் தடவை ஏறி இறங்கினாள். மாலை ஆகி, குஞ்சுகள் தாமாகக் கூண்டில் ஒடுங்கியதும், அவள் பையை எடுத்தாள்.

"சரிப்பா, வீட்டுக்குக் கிளம்புறோம்."

இந்த வீட்டில் பிறந்தவள். இந்தப் படியில்தான் விழுந்து விழுந்து நடக்கக் கற்றவள். எவ்வளவு சாதாரணமாகச் சொல்லிவிட்டாள்! சொன்னது அவளுக்கே தெரிந்ததாகத் தெரியவில்லை. டைம்கீப்பர் தெருமுனைவரை போய்ப் பஸ் ஏற்றிவிட்டு வந்தார். ஜன்னலோரம் உட்கார்ந்தார். ரொம்ப நாளாகத் திறக்காத நோட்டைத் திறந்து, 'மகள், மாப்பிள்ளை. புறப்பாடு 6.50' என்று எழுதினார். பக்கத்துக் கட்டம் காலி. அதைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார்.

"சாப்பிட வர்றீங்களா, இல்லையா?" என்று மனைவி மூன்று தடவை கேட்டுவிட்டாள்.

போன் அடித்தது. சம்பந்தி.

"சம்பந்தி, நம்ம ஆளுங்க வந்துட்டாங்க. இதோ, படியேறிட்டு இருக்காங்க."

"இப்பத்தானா? எட்டு இருபதுக்கே வந்திருக்கணுமே. ஆறு நிமிஷம் லேட்."

"சிக்னல்ல நின்னுருக்கும் சம்பந்தி."

"ஆமா, நிக்கும். அந்த ரூட்டு எனக்குத் தெரியாதா?" என்றார் டைம்கீப்பர். போனை வைத்தார். பேனாவை எடுத்து, 'வந்து சேர்ந்தது' கட்டத்தில் 8.26 என்று எழுதிவிட்டு, சாப்பிடப் போனார்.